வெர்பீனாங்கற பூச்செடி விதை பாக்கெட் ரிவ்யூ: விதை நல்ல விதைதான், பின்னாடி அச்சடிச்சிருக்கற செய்முறைய மட்டும் நம்பிறாதீங்க

இந்த ரிவ்யூவ நான் போன அக்டோபர்லயே எழுதியிருக்கணுமுங்க, எழுதியிருந்தா ஒரே ஒரு ஸ்டார்தான் குடுத்திருப்பேன், "சுத்த வேஸ்ட், வாங்கி ஏமாறாதீங்க"ன்னு பாதி டைப் பண்ணியும் வெச்சிருந்தேன், அப்பறம் பாப்பா ஸ்கூல் வேன் வந்துருச்சு, போனக் கீழ வெச்சவ மறந்தே போயிட்டேன். நல்லவேளை மறந்தேன். இப்ப ஏப்ரல் கடைசி, அதே பாக்கெட்ல மிச்சம் இருந்த விதையில இருந்து வந்த 10 செடி ரெண்டு மாசமா மாடில பூத்துத் தள்ளிருச்சு. அதனால இப்ப நிதானமா, நடந்ததை நடந்த மாதிரியே எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், அவசரம் இருக்கறவங்க கடைசில விலைக் கணக்கு மட்டும் பாத்துக்கோங்க.

வாங்குனது "ஹைப்ரிட் வெர்பீனா மிக்ஸ்", 50 விதை, விலை 79 ரூபா, அதுக்கு டெலிவரி 60 ரூபா. விதை விலைல முக்காவாசி அளவுக்கு தபால்காரருக்கும் செலவுன்னு சொல்லலாம். எந்த ஆன்லைன் கடைன்னு பேரு போடல, ஏன்னா அப்பறமா நாலஞ்சு கம்பெனி பாக்கெட்டப் போட்டோவுல பெருசு பண்ணிப் பாத்தேன், எல்லாத்துலயும் பின்னாடி கிட்டத்தட்ட ஒரே வாசகம்தான், ஒருத்தன் எழுதினத இன்னொருத்தன் அப்படியே எடுத்துப் போட்டிருக்கான். அதனால ஒருத்தரை மட்டும் இழுத்து வெச்சுத் திட்டறது நியாயம் இல்ல.

வெர்பீனா மேல ஆசை வந்தது குன்னூர்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப அந்தத் தெருவுல ஒரு வீட்டு கருங்கல் மதில் மேல வரிசையா தொட்டி, தொட்டிக்கு வெளிய கொட்டற மாதிரி ஊதாவும் செவப்புமா கொத்துக்கொத்தா பூ. இலையே தெரியல. அந்த வீட்டம்மாகிட்ட கேட்டேன், "வெர்பீனாங்க, வெதை போட்டுத்தான் வந்துச்சு"ன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டாங்க. வெதை போட்டா வந்துருமாக்கும்னு நானும் நெனச்சுட்டேன். நாங்க இருக்கறது கோயமுத்தூர் வடவள்ளி, மருதமலை அடிவாரம், ஊருக்குள்ள இருக்கறத விட கொஞ்சம் குளிர் தெரியும், ஆனா குன்னூர் இல்லையே.

பாக்கெட்டப் பத்திச் சொல்லிடறேன். வெளிய கலர் பேப்பர் கவர், உள்ள வெள்ளி கலர் ஃபாயில், ஜிப் லாக். இது நல்ல விஷயம், மிச்ச விதைய அப்படியே மூடி வெச்சுக்க முடிஞ்சது, அந்த ஜிப் இல்லாம இருந்திருந்தா இந்த ரிவ்யூவோட ரெண்டாவது பாதியே கெடையாது. 50ன்னு போட்டிருந்தாங்க, வெள்ளத் துண்டுல கொட்டி எண்ணுனேன், 53 இருந்துச்சு. லேபிள்ல லாட் நம்பர் இருக்கு, பேக்கிங் பண்ணுன மாசம் இருக்கு, முளைப்புத்திறன் 70 சதவீதம்னு இருக்கு, ஆனா அந்த 70ஐ எப்ப டெஸ்ட் பண்ணுனாங்கன்னு தேதி இல்ல. விதை வாங்கறப்ப நான் மொதல்ல பாக்கறதே அதைத்தான். பேக்கிங் தேதிங்கறது கவர்ல போட்ட தேதி, விதையோட வயசு இல்ல, அதுவும் வெர்பீனா மாதிரி ரொம்ப நாள் தாங்காத விதைக்கு இது முக்கியம்.

அட்டைப் படம் பெரிய காமெடி. ஊதா, பிங்க், வெள்ளை, செவப்பு எல்லாம் சரி, நடுவுல நல்ல எலுமிச்சம்பழ மஞ்சள்ல ஒரு கொத்து இருந்துச்சு. எனக்கு அந்த மஞ்சள்தான் ரொம்பப் புடிச்சது. பாத்துப் பாத்து ஒரு நாள் எங்கியோ பாத்த மொகம் மாதிரி தோணுச்சு, எங்கன்னு யோசிச்சா, மருதமலை ரோட்டுல ரெண்டு பக்கமும் புதர் புதரா கெடக்குதே உண்ணிச்செடி (லாண்டனா), அதேதான். எவனோ லாண்டனா போட்டோவ எடுத்து நடுவுல ஒட்டி வெச்சிருக்கான். தப்பு பண்ணுனவன் ஒரு வகைல கிட்டத்துலதான் பண்ணிருக்கான், உண்ணிச்செடியும் வெர்பீனாவும் ஒரே குடும்பம், வெர்பினேசியே, நம்ம தலைக்குத் தேய்க்கற பொடுதலையும் அதே குடும்பம்தான், பூவு சின்னச் சின்னதா சேந்து வட்டமா நிக்கற அழகு மூணுலயும் தெரியும். ஆனா வெர்பீனாவுல அந்தப் பளிச் மஞ்சள் கெடையாது. வெள்ளை, ரோஸ், செவப்பு, ஊதா, நீலம் கலந்த ஊதா, சில ரகத்துல பீச் கலர், அவ்வளவுதான். யாராவது மஞ்சள் வெர்பீனான்னு வித்தா உஷார். (உண்ணிச்செடின்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துருச்சு, கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள் அந்தக் கட்டைய வெட்டி நெஜ யானை சைஸ்லயே யானை செய்யறாங்க, அத்தனை அழகு. காட்ட அழிக்கற களைக்கு அதை விட நல்ல வேலை குடுக்க முடியாது.)

இன்னொண்ணு, அந்த ப்ராடக்ட் பேஜ்ல கீழ ரெண்டு மூணு பேரு "வாசனையே இல்ல, ஏமாத்திட்டாங்க"ன்னு எழுதியிருந்தாங்க. பாவம், அவங்க நெனச்சது லெமன் வெர்பீனா, சோப்பு டீ எல்லாத்துலயும் பேரு வருதே, அது. அது புதர்ச்செடி, இலையக் கசக்குனா எலுமிச்ச வாசம் வரும், இதே குடும்பத்துல வேற சாதி. இது தொட்டியில அழகுக்கு வெக்கற பூ வெர்பீனா, தென் அமெரிக்காவுல இருந்து போன காட்டுச் செடிகள 19ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல ஒண்ணோட ஒண்ணு கலந்து உருவாக்குனது. சில ரகத்துல லேசா வாசம் இருக்கலாம், என்னோடதுல மூக்க வெச்சுத் தேய்ச்சாலும் ஒண்ணும் தெரியல. அதுக்காகக் கடைக்காரனைத் திட்டாதீங்க.

சரி, செய்முறைக்கு வருவோம். பாக்கெட் பின்னாடி இப்படிப் போட்டிருந்துச்சு: மண்ணு, மண்புழு உரம், கோகோபீட் (தேங்கா நார்த் தூள்) சமமா கலந்து தொட்டிய நிரப்பணும், விதைய மேலாப்புல தூவணும், நல்ல வெயில் படற எடத்துல வெக்கணும், தினமும் ரெண்டு வேளை தண்ணி தெளிக்கணும், 7ல இருந்து 10 நாள்ல முளைக்கும், வருஷம் முழுக்க விதைக்கலாம்.

அஞ்சாறு வரிதாங்க, வெர்பீனாவுக்கு எது எது ஆகாதோ அதெல்லாம் பொறுக்கி எடுத்து எழுதுன மாதிரி இருக்கு. ஆனா அது எனக்கு அப்பத் தெரியாது. படிச்ச புள்ளையா வரி மாறாம செஞ்சேன். அக்டோபர் 5ஆம் தேதி 25 விதை எடுத்து ஒரு பெரிய தொட்டியில தூவி, மாடில நல்ல வெயில்ல வெச்சு, காலைல ஒருக்கா சாயந்தரம் ஒருக்கா ஸ்ப்ரேயர்ல அடிச்சு, அது போதாதுன்னு ராத்திரி வடகிழக்குப் பருவமழை வேற வந்து அது பங்குக்கு ஊத்திட்டுப் போகும். 10 நாள் ஆச்சு, ஒண்ணும் இல்ல. 15 நாள், ஒண்ணும் இல்ல. 19ஆம் நாள் ஒரே ஒரு முளை, ரெண்டு எலை விட்டு நின்னுச்சு, அதுக்குப் போட்டோ எல்லாம் எடுத்து அண்ணிக்கு அனுப்பி விட்டேன், மூணாம் நாள் காலைல பாத்தா தண்டு மண்ணோட சேர்ற எடத்துல நூல் மாதிரி இளைச்சு கருத்து சாஞ்சு கெடக்கு. நாற்றழுகல். 25ல ஒண்ணு, அதுவும் போச்சு. தொட்டி மேல பச்சைப் பாசி மட்டும் நல்லா வளந்துச்சு.

அப்பறம் கஸ்டமர் கேருக்கு வாட்ஸப்ல போட்டோ போட்டேன். பதில் உடனே வந்துச்சுன்னு ஒத்துக்கணும், அரை மணி நேரங்கூட ஆகல. ஆனா பதில் என்னன்னா "மேடம் தினமும் தண்ணி தெளிக்கறீங்களா, வெயில் படுதா". ரெண்டும் செய்யறேன்னு சொன்னதுக்கு "இன்னும் கொஞ்சம் தண்ணி அதிகமா தெளிச்சுப் பாருங்க"ன்னாங்க. பணம் திருப்பிக் குடுப்பீங்களான்னதுக்கு விதைக்கு ரிட்டர்ன் பாலிசி கெடையாதாம், அதுக்குப் பதிலா அடுத்த ஆர்டர்ல 10 சதவீதம் தள்ளுபடின்னு ஒரு கூப்பன் அனுப்புனாங்க. 79 ரூபாயில 10 சதவீதம். 7 ரூபா 90 காசு. அன்னிக்குத்தான் அந்த ஒரு ஸ்டார் ரிவ்யூவ டைப் பண்ண ஆரம்பிச்சது.

அதுக்கப்பறம் கோவத்துல உக்காந்து தேடிப் படிச்சேன், குளிர் நாட்டுக்காரங்க வெர்பீனா விதைக்கறதப் பத்திச் சொல்றத எல்லாம் பாத்தேன். பாத்தா எல்லாரும் ஒரே மாதிரி புலம்பறாங்க, பூச்செடியில முளைக்க வெக்கறதுக்கு அடம் புடிக்கறதுல இது ஒண்ணு, நல்ல விதையே பாதிக்குக் கொஞ்சம் மேல முளைச்சா பெருசுன்னு. மூணு விஷயம் அடிச்சுச் சொல்றாங்க. ஒண்ணு இந்த விதைக்கு இருட்டு வேணும், வெளிச்சம் பட்டா முளைக்கறது கொறஞ்சு போயிரும். ரெண்டாவது ஈரம் கம்மியா இருக்கணும், மண்ணுல தண்ணி நெறஞ்சு காத்து போக வழி இல்லைன்னா விதை உள்ளயே அழுகிரும், மத்த விதைக்கெல்லாம் சரியா இருக்கற ஈரமே இதுக்கு ஜாஸ்தி. மூணாவது குளுமை, 18ல இருந்து 21 டிகிரி இருந்தா நல்லது, அதுலயும் முளைக்க ரெண்டு மூணு வாரம், சில விதை நாலு வாரங்கூட எடுத்துக்கும். இப்ப பாக்கெட்டத் திருப்பிப் படிங்க. மேலாப்புல தூவு, வெயில்ல வை, ரெண்டு வேளை தண்ணி, 7 நாள்ல வரும். நான் விதைய வளக்கல, சாகடிச்சிருக்கேன், அதுவும் கம்பெனிக்காரனே கைப்பட எழுதிக் குடுத்த முறைல.

மிச்சம் 28 விதை இருந்துச்சுல்ல, அதை அப்படியே ஃபாயில் கவரோட ஒரு சின்ன எவர்சில்வர் டப்பால போட்டு ஃபிரிட்ஜுல கீழ் தட்டுல 10 நாள் வெச்சேன். சில பேரு இது உதவும்னு சொல்றாங்க, செலவு இல்லாத வேலைதானேன்னு செஞ்சேன். ஃப்ரீசர்ல வெக்கக் கூடாது. எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் டப்பாவத் தெறந்து பாத்துட்டு "இது என்ன ஓமமா, காஞ்சு போய் கெடக்கு"ன்னாரு. விதை பாக்க ஈர்க்குச்சியப் பொடிப்பொடியா நறுக்கிப் போட்ட மாதிரிதான் இருக்கும், பழுப்பா, மூணு நாலு மில்லிமீட்டர் நீளம், ஒரு கிராமுக்கு நானூறு வரைக்கும் நிக்கற சைஸு.

இருட்டுக்கு என்ன செய்யறதுன்னு யோசிச்சிட்டு இருந்தப்ப அத்தை கேட்டாங்க, என்னத்தப் புள்ள தலையப் புடிச்சிட்டு உக்காந்திருக்கேன்னு. (அத்தைன்னா மாமியார், ஊரு கோபி பக்கம், பொறந்த வீட்டுல தக்காளி மொளகா நாத்து விட்டு வளந்தவங்க.) நான் இந்த மாதிரி வெதைக்கு இருட்டு வேணுமாம்னு சொன்னதும், "இதுக்கு எதுக்குக் கண்ணு போன நோண்டீட்டு இருக்கற, நாத்தாங்கால்ல வெதையப் போட்டா வைக்கோல போட்டு மூடறதில்லையா, மொளப்பு காட்டுன பொறவு எடுக்கறதில்லையா, மூடி வெச்சா ஈரமும் காயாது நீ தெனம் போயி தண்ணி ஊத்தவும் வேண்டாம்"ன்னு சொல்லிட்டு உள்ள போய் ஒரு பழைய சணல் சாக்க எடுத்துட்டு வந்து குடுத்தாங்க. வெளிநாட்டுக்காரன் கறுப்பு பிளாஸ்டிக் போடுங்கறான், அத்தை சாக்க போடுங்கறாங்க, விஷயம் ஒண்ணுதான். எனக்குத்தான் ரெண்டையும் சேத்துப் பாக்கத் தோணல.

இந்த வாட்டி தொட்டி வேண்டாம்னு குழித்தட்டு வாங்குனேன், 50 குழி தட்டு ஒண்ணு, கத்திரியால நாலு துண்டா வெட்டிக்கிட்டேன், ஏன்னு கீழ சொல்றேன். உள்ள போட்டது கோகோபீட்டும் மணலும் மட்டும். உரம் எதுவும் கலக்கல, முளைக்கறதுக்கு உரம் வேண்டியதில்ல, உரம் இருந்தா பூஞ்சைதான் வரும். கோகோபீட்ட மூணு தண்ணி விட்டு அலசிப் பிழிஞ்சுக்கோங்க, உப்பு இருக்கும், வெர்பீனா நாத்துக்கு அது ஆகாது. அப்பறம் ஈரப்பதம். இதை எப்படிச் சொல்றதுன்னா, புட்டுக்கு மாவு பிசைவோமே அந்தப் பதம். கையில புடிச்சா புடி நிக்கணும், வெரலால தட்டுனா உதிரணும், பிழிஞ்சா ஒரு சொட்டு கூட வரக்கூடாது. முந்தின நாள் சாயந்தரமே அந்தப் பதத்துக்குக் கொண்டு வந்து தட்டுல நிரப்பி வெச்சிட்டேன், மறுநாள் நவம்பர் 14, குழிக்கு ஒரு விதை போட்டு மேல அதே கலவைய கால் அங்குலத்துக்குக் கம்மியா தூவி லேசா அமுக்கி விட்டேன். விதைச்ச பொறவு தண்ணி ஊத்தவே இல்ல. கை பரபரன்னு வரும், ஊத்தக் கூடாது. மாடிப்படிக்குக் கீழ துணி காயப்போடற ஸ்டேண்டு வெச்சிருக்கற இருட்டு மூலைல தட்ட வெச்சு, சாக்க தண்ணியில நனைச்சு நல்லாப் பிழிஞ்சு மேல மூடிட்டேன். நவம்பர் பாதிக்கு மேல எங்க ஊருல ராத்திரி 20 டிகிரி பக்கத்துல வந்துரும், அந்த மூலை பகல்லயும் குளுகுளுன்னு இருக்கும்.

ஒரு வாரம் எட்டிக்கூடப் பாக்கல. (பாத்தேன், ரெண்டு தடவை, அத்தை கிட்ட திட்டும் வாங்குனேன்.) சாக்கு காஞ்சா மட்டும் நனைச்சுப் பிழிஞ்சு போடறது.

11ஆம் நாள், நவம்பர் 25, சாக்கத் தூக்குனா ரெண்டு குழில வெள்ளையா கொக்கி மாதிரி வளஞ்சு நிக்குது! அத்தையக் கூப்பிட்டுக் காட்டுனேன். இங்கதான் அந்த நாலு துண்டு தட்டு வேலைக்கு ஆச்சு, முளைச்ச துண்ட உடனே வெளிச்சத்துக்குக் கொண்டு போகலைன்னா நாத்து வெளிச்சத்தத் தேடி வெளுத்து நீண்டுரும், முளைக்காதது இன்னும் இருட்டுல கெடக்கணும், ஒரே தட்டா இருந்தா ரெண்டும் கெட்டான். தட்டுத் துண்டு ஒவ்வொண்ணா முளைக்க முளைக்க காலை வெயில் மட்டும் படற ஜன்னல் திண்டுக்கு மாத்துனேன். மேல தூவுன கோகோபீட்டே கொஞ்சம் இருட்டு குடுக்கறதால வெளிய வந்த பொறவும் ஒண்ணு ரெண்டு முளைச்சுது. டிசம்பர் 8 வரைக்கும் ஒவ்வொண்ணா வந்துட்டே இருந்துச்சு, கடைசிக் கணக்கு 28ல 16. கணக்குப் போட்டா 57 சதவீதம். லேபிள்ல போட்ட 70 வரல, ஆனா வீட்டுல போடற வெர்பீனாவுக்கு இது நல்ல கணக்குதான். அதே பாக்கெட், அதே விதை, ஒரு மாசம் கூட பழசானது, மொதல் தடவ 25ல ஒண்ணு.

இப்பச் சொல்லுங்க, ஒரு ஸ்டார் குடுக்க வேண்டியது விதைக்கா, அந்தப் பின்னாடி எழுத்துக்கா. அந்தப் பேஜ்ல ஒரு ஸ்டார் போட்டவங்க அத்தனை பேரும் "தினமும் தண்ணி ஊத்துனேன், ஒண்ணுகூட முளைக்கல"ன்னுதான் எழுதியிருக்காங்க. ஊத்தாம இருந்திருந்தா முளைச்சிருக்கும்னு அவங்களுக்கு யாரு சொல்றது.

நாத்து காலம் பெரிய கஷ்டம் இல்ல. தட்டுக்கு அடில ஒரு தாம்பாளத்துல கொஞ்சம் தண்ணி ஊத்தி வெச்சு கீழ இருந்து உறிஞ்ச விட்டேன், மேல ஊத்தறதே கெடையாது. ஒரு தடவ சூடோமோனாஸ் (அழுகலத் தடுக்கற நல்ல பாக்டீரியாப் பொடி) ஒரு லிட்டருக்கு 5 கிராம் கலக்கி விட்டேன். அப்படியும் ரெண்டு நாத்து அழுகிப் போச்சு, ஒண்ண அணில் கடிச்சு எறிஞ்சிட்டுப் போயிருச்சு. 13 நின்னுச்சு, 3 பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்தேன். ஜனவரி மொத வாரத்துல ஆறு எலைக்கு மேல வந்ததும் 8 இஞ்ச் தொட்டிக்கு ஒண்ணுன்னு மாத்துனேன். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு புடி வேப்பம்புண்ணாக்கு. தண்ணி ஓடிறணும், தேங்கக் கூடாது, அவ்வளவுதான். நாலு ஜோடி எலை வந்ததும் நுனியக் கிள்ளி விட்டேன், மனசே வரல, ஆனா கிள்ளுன செடிதான் நாலு பக்கமும் கிளை விட்டு தொட்டிய மூடுச்சு, ஒரே ஒரு செடிய ஆசைக்குக் கிள்ளாம விட்டேன், அது ஒத்தக் குச்சியா ஒசந்து சாஞ்சு மொதப் பூவ மட்டும் ஒரு வாரம் முன்னாடி குடுத்துச்சு.

மொதப் பூவு பிப்ரவரி 12. விதைச்சதுல இருந்து சரியா 90 நாள். மொட்டு வெளி வட்டத்துல இருந்து வெடிச்சு உள்ள போகும், ஒவ்வொரு குட்டிப் பூவுலயும் அஞ்சு இதழ், இதழ் நுனில ஒரு சின்ன வெட்டு. 10 செடில 4 ஊதா, 3 ரோஸ், 2 வெள்ளக் கண்ணு வெச்ச செவப்பு, 1 வெள்ளை. மஞ்சள் வரலைன்னு தனியா சொல்லணுமா. அந்தச் செவப்பு இருக்கு பாருங்க, நடுவுல வெள்ளப் பொட்டு வெச்சு, அதுக்கே 79 ரூபா குடுக்கலாம். மார்ச் மாசம் ஃபுல்லா தொட்டிக்கு வெளிய தொங்க ஆரம்பிச்சுது, வண்ணத்துப்பூச்சி வரும் பாருங்க, காலைல 9 மணிக்கு மேல மாடில நின்னா போதும்.

அத்தைக்கு மட்டும் கடைசி வரைக்கும் ஒப்புதல் இல்ல. "தலைக்கு வெக்க ஆகாது, சாமிக்குப் போட ஆகாது, பறிச்சா பறிச்ச கையோட வாடுது, இதுக்கு இத்தனை சேவகம், அந்தச் சேவகத்த கனகாம்பரத்துக்குச் செஞ்சிருந்தா தெனம் ரெண்டு மொழம் கெடச்சிருக்கும்"ன்னாங்க. நியாயந்தான். சொல்லிட்டு, காஞ்ச கொத்த எல்லாம் தெனம் சாயந்தரம் கிள்ளி விட்டது யாருன்னு நெனைக்கறீங்க? கிள்ளக் கிள்ளத்தான் மறுபடி பூக்கும், விட்டா விதை கட்டி நின்னுரும்.

பூச்சி நோய் சொல்லணும். மார்ச் நடுவுல அசுவினி வந்துச்சு, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புத் தண்ணி, வாரம் ஒருக்கா அடிச்சதும் அடங்கிருச்சு. சாம்பல் நோய்தான் தலைவலி, சாயந்தரம் எலை மேல தண்ணி படற மாதிரி ஊத்துனது என் தப்பு, மூணு தொட்டில எலை மேல திருநீறு பூசுன மாதிரி ஆயிருச்சு. எலைய வெட்டி எறிஞ்சிட்டு, தொட்டிய தள்ளித் தள்ளி வெச்சு காத்தோட்டம் விட்டப்பறம் கொறஞ்சுது. ஏப்ரல் 35 டிகிரியத் தாண்டுனதும் பூ கொறஞ்சு, செம்பேன் வந்து, எலை அடில பழுப்பாக ஆரம்பிச்சிருச்சு. இப்ப ஆறு செடி முடியற தறுவாய், மிச்ச நாலு செடி வெயிலத் தடுக்கற பச்சை வலைக்கு அடில மூச்சு விட்டுட்டு இருக்கு. நம்ம ஊருல இது குளிர்காலப் பூ, மூணு மாசத்து விருந்தாளி, "வருஷம் முழுக்க விதைக்கலாம்"ங்கறது சுத்தப் பொய். கோயமுத்தூர், ஓசூர், பெங்களூர் மாதிரி ஊருக்கு அக்டோபர் கடைசில இருந்து நவம்பர் நடு வரைக்கும் விதைக்கலாம். சென்னைக்காரங்க மழை விட்டு ராத்திரி குளுந்ததுக்கு அப்பறம், டிசம்பர்ல போடுங்க, ஆனா பூ பாக்கற நாள் கம்மிதான் கெடைக்கும். ஊட்டி குன்னூர்க்காரங்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம், பனி கொட்டற மாசத்த மட்டும் தள்ளி விடுங்க.

விலைக் கணக்கு கேட்டவங்களுக்கு: விதை, டெலிவரி 139, குழித்தட்டு, கோகோபீட் எல்லாம் சேத்து 100க்குள்ள. 13 செடி தேறுச்சு, அப்படிப் பாத்தா செடிக்கு 18 ரூபா. பிப்ரவரில எங்க பக்கத்து நர்சரில பூவோட ரெடி செடி 50 ரூபா சொன்னாங்க. பொறுமை இல்லாதவங்க, ரெண்டே தொட்டி போதும்ங்கறவங்க, அங்கயே வாங்கிக்கோங்க, நான் கொறையா நெனைக்க மாட்டேன். கலர் கலரா 10 தொட்டி வேணும்னா விதைதான் கட்டுப்படியாகும்.

விதைக்கு அஞ்சுல நாலு, ஃபாயில் ஜிப் பாக்கிங்குக்கு அஞ்சுக்கு அஞ்சு, அட்டைப் படத்துக்கு ஒண்ணு, கஸ்டமர் கேருக்கு வேகத்துக்காக ரெண்டு, செய்முறைக்கு முட்டை. மேல ஒரே நம்பர்தான் போட விடறாங்க, அதனால மூணு போட்டிருக்கேன். கடைக்காரங்க இதைப் படிச்சீங்கன்னா ஒரே ஒரு வரி மாத்துங்க, "மூடி வையுங்க, தண்ணி ஊத்தாதீங்க"ன்னு. உங்க பேஜ்ல இருக்கற ஒரு ஸ்டார்ல முக்காவாசி காணாமப் போயிரும்.

காஞ்ச கொத்துல இருந்து நானும் கொஞ்சம் விதை எடுத்து வெச்சிருக்கேன், ஒவ்வொரு காஞ்ச பூவோட அடிலயும் நாலு விதை ஒட்டிக்கிட்டு நிக்கும், உதுத்தா வந்துரும். ஹைப்ரிட் ஆச்சே, அதே கலர் வராதுன்னு தெரியும், என்னதான் வருதுன்னு பாக்கணும்னு ஒரு ஆசை. அந்தச் செவப்பு மட்டும் போகக் கூடாதுன்னு நாலு தண்டு வெட்டி மணல்ல குத்தி அதே மாடிப்படி மூலைல வெச்சதுல மூணு வேர் விட்டிருக்கு, மே மாசத்தத் தாண்டுமான்னு தெரியல, அத்தை தெனம் ஒரு டம்ளர் தண்ணி ஊத்தறாங்க, நான் ஊத்த வேண்டாம்னு தெனம் சொல்றேன். செப்டம்பர்ல இதே பாக்கெட்தான் மறுபடி ரெண்டு ஆர்டர் போடப் போறேன். அந்த 7 ரூபா 90 காசு கூப்பன் அப்பவும் செல்லுமான்னு பாக்கணும்.